தளும்பை நாட்டின் கொட்டாவி ஆலோசகர்

தளும்பை என்றொரு நாடு இருந்தது. இப்போதும் இருக்கலாம், அங்கே போய் வந்தவர்கள் யாரும் வழி சொல்வதில்லை. மற்ற நாடுகளில் பெய்வது போலத்தான் அங்கேயும் மழை பெய்தது. நெல் நான்கு மாதத்தில் விளைந்தது, வரி வருடத்துக்கு இரண்டு முறை கூடியது. ஒரே ஒரு விஷயத்தில் மட்டும் அந்த நாடு வேறுபட்டிருந்தது. அங்கே தண்ணீருக்கு நினைவு இருந்தது.

யாராவது ஒரு கிணற்றின்மேலோ குளத்தின்மேலோ குனிந்து நின்று எதையாவது செய்தால், அதில் ஒரு மூச்சை அடக்கும் நேர அளவைத் தண்ணீர் பிடித்து வைத்துக்கொள்ளும். அந்தக் காட்சி பெரும்பாலும் பக்கத்து வீட்டுக் குடம் வரை போய் மங்கிவிடும். ஆனால் எப்போதாவது ஒன்று, ஏனென்று யாருக்கும் தெரியாமல், மறுநாள் விடியும்போது நாட்டிலுள்ள எல்லாத் தண்ணீரிலும் தெரியும். குடத்தில், மாட்டுத் தொட்டியில், முடிதிருத்துபவரின் கிண்ணத்தில், சற்றுக் கலங்கலாக ரசத்திலும்கூட. காதைக் கிட்டே கொண்டுபோனால் குரலும் கேட்கும். இப்படிப் பரவிய காட்சியைப் பற்றி மக்கள் 'நாடு நிறைஞ்சிருச்சு' என்று சொன்னார்கள்.

எது நாடு நிறையும் என்று சொல்ல முடியாது. இருபது வருடம் பரதம் பயின்ற ஒரு பெண் கோயில் குளத்தருகே ஆடியது குளத்தின் மறுகரைக்குப் போகவில்லை. ஒரு கையில் செருப்பை வைத்துக்கொண்டே அந்தச் செருப்பைத் தேடிய ஒரு தரகர் மூன்று நாட்கள் நாடு நிறைந்தார். அடுத்த வாரம் அதே தரகர் அதே செருப்பை அதே கையில் பிடித்துக்கொண்டு தேடியபோது அவருடைய மனைவியின் சொம்பில்கூடத் தெரியவில்லை. இதற்கெல்லாம் விளக்கம் சொல்ல நீரறிஞர்கள் என்று ஒரு கூட்டம் இருந்தது. வடகிழக்கு பார்த்து நில், ஆரம்பத்திலேயே கண்ணை அகலமாகத் திற, செவ்வாய்க்கிழமை வேண்டாம் என்று அவர்கள் காசு வாங்கிக்கொண்டு சொல்லிக் கொடுத்தார்கள். நீரறிஞர்களில் ஒருவர்கூட ஒருமுறையும் நாடு நிறைந்ததில்லை. மக்கள் இதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. காலையில் தண்ணீரில் ஏதாவது தெரிந்தால் சிரித்தார்கள். தெரியாவிட்டால் முகத்தைக் கழுவிக்கொண்டு வேலைக்குப் போனார்கள்.

அந்த நாட்டை ஆண்டவரின் பதவிக்குப் பெருங்காவலர் என்று பெயர். ஐந்து வருடத்துக்கு ஒருமுறை மக்கள் அவரைத் தேர்ந்தெடுப்பார்கள். அப்போது பதவியில் இருந்தவர் அழகர்வேள். அவர் தூங்குவதில்லை என்பது நாடறிந்த செய்தி. 'நீங்கள் உறங்க அவர் விழித்திருக்கிறார்' என்று ஒவ்வொரு சாவடிச் சுவரிலும் எழுதியிருந்தது. அதில் பொய்யும் இல்லை. அவர் உண்மையிலேயே தூங்காமல் இருந்தார். விழித்திருக்கும் நேரத்தில் செய்வதற்கு வேறு ஒன்றும் இல்லாததால் ஆணைகள் பிறப்பித்தார். வாரத்துக்குப் பத்து, பதினைந்து ஆணைகள் வந்தன.

அழகர்வேளுக்கு நாடு நிறைய வேண்டும் என்று நெடுநாள் ஆசை. பாலம் திறந்தார், பசுவுக்குப் புல் கொடுத்தார், முதியவர் ஒருவரின் கையைப் பிடித்துக்கொண்டு தொலைதூரத்தைப் பார்த்தார். எல்லாம் அரண்மனைக் குளத்தின் நான்காம் படியோடு நின்றுவிட்டன. இந்த நிலையில், தேர்தலுக்கு நான்கு மாதம் இருக்கும்போது, அவரை எதிர்த்து நின்ற ஏகலிங்கம் வாத்தியார் ஒரு குளக்கரையில் தலைப்பாகை கட்டப் போனார். அது அவிழ்ந்து அவிழ்ந்து கடைசியில் அவரையே ஒரு சுற்று சுற்றிவிட்டது. மறுநாள் காலை நாடே அதைப் பார்த்துச் சிரித்தது. சிரித்தவர்கள் 'பாவம், நல்ல மனுசன்' என்றும் சொன்னார்கள். அந்த இரண்டாவது செய்திதான் அரண்மனையைக் கவலைக்குள்ளாக்கியது.

அன்று மாலையே நீர்த்தோற்றத் துறை உண்டானது. நடுநாயகம் என்பவர் அதற்குச் செயலரானார். எந்தக் காரியத்தையும் மூன்று பிரதிகளில் செய்பவர் அவர். தும்மினாலும் மூன்று முறை தும்முவார்.

துறையின் முதல் ஆணைப்படி, அரண்மனைக் குளத்து நீர் வண்டிகளில் ஏற்றப்பட்டு வீடுதோறும் ஒரு குடம் வழங்கப்பட்டது. பெருங்காவலர் பாலம் திறக்கும் காட்சி அந்தக் குடத்தில் ஓடும். அதை ஒன்பது முறை பார்த்து முடிக்கும் வரை வீட்டில் யாரும் தண்ணீர் குடிக்கக்கூடாது, அடுப்பில் உலை வைக்கக்கூடாது. நாடு முழுவதும் காலைச் சாப்பாடு மதியத்துக்குத் தள்ளிப்போனது. பால் மாடுகள் குழம்பின.

மக்கள் இன்னும் வாத்தியாரின் தலைப்பாகையைப் பற்றியே பேசிக்கொண்டிருந்ததால் இரண்டாவது ஆணை வந்தது. அனுமதிச் சீட்டு இல்லாமல் எவரும் எந்த நீர்நிலையையும் எட்டிப் பார்க்கக்கூடாது. சீட்டு கிடைக்க நாற்பது நாள் ஆகும் என்பதால், மக்கள் கண்களை மூடிக்கொண்டு தண்ணீர் இறைத்தார்கள். அந்த மாதம் மட்டும் நாலாயிரம் வாளிகள் கிணற்றில் விழுந்தன. மூன்றாவது ஆணை, விழுந்த வாளிகள் அரசுடைமை என்றது.

இப்படி எல்லாம் ஒழுங்காக நடந்துகொண்டிருந்தபோதுதான் தங்கபுஷ்பத்துக்குக் கொட்டாவி வந்தது.

தலைநகரின் தென்கோடியில் பாக்குத் தோப்புத் தெரு இருந்தது. நாற்பது வீடுகள், ஒரு கிணறு. அந்தத் தெருவில் ஆப்பம் சுட்டு விற்றவள் தங்கபுஷ்பம். விடியுமுன் எழுந்து கிணற்றடிக்கு வந்து, சட்டப்படி கண்ணை மூடிக்கொண்டு வாளியை இறக்கினாள். கண்ணை மூடியதும் மனிதருக்கு வரக்கூடியது அவளுக்கும் வந்தது. வாயைத் திறந்தாள். சாதாரணக் கொட்டாவி அல்ல அது. தொடங்கி, பாதியில் நின்று, யோசித்து, மறுபடி விரிந்து, தோள் வரை போய், ஒரு சின்ன முனகலோடு முடிந்தது.

மறுநாள் அது நாடு நிறைந்தது. பார்த்தவர்கள் எல்லாரும் கொட்டாவி விட்டார்கள். நீதிமன்றத்தில் தீர்ப்பு வாசித்துக்கொண்டிருந்த நீதிபதி விட்டார், குற்றவாளி விட்டான், வழக்கு ஒத்திவைக்கப்பட்டது. பாகன் விட்டதைப் பார்த்து யானை விட்டது. பெருங்காவலர் ஒருவர் மட்டுமே விடவில்லை. அவர் குடிக்கும் தண்ணீரைச் செயலர் முதலில் பார்த்து, அரசுக்கு உகந்ததல்லாத காட்சி இருந்தால் கரண்டியால் கலக்கிவிடுவது வழக்கம்.

அன்று பகலில் நடுநாயகம் பல்லக்கில் வந்து இறங்கினார். அந்தக் கொட்டாவி குற்றமா என்று முதலில் ஆராயப்பட்டது. கண் மூடியிருந்ததால் அது சட்டத்துக்கு உட்பட்ட கொட்டாவிதான் என்று முடிவானது. பிறகு அவர் ஆப்பச்சட்டியின் முன்னால் நின்று விசாரணையைத் தொடங்கினார்.

"அம்மா, தாங்கள் அந்தக் கொட்டாவியை எந்த நோக்கத்தோடு விட்டீர்கள்?"

"தூக்கம் வந்துச்சுய்யா."

"அதற்கு முன் எத்தனை நாள் பயிற்சி எடுத்தீர்கள்?"

"பொறந்ததுல இருந்து."

நடுநாயகம் இதை மூன்று இடங்களில் குறித்துக்கொண்டார்.

அறிஞர் குழு ஒன்று வந்து ஒரு வாரம் தங்கி ஆராய்ந்தது. கிணற்றின் ஆழத்தை அளந்தது, பாசியைச் சுரண்டி முகர்ந்தது, தவளைகளை எண்ணியது. மூன்று தவளைகள் இருந்தன. குழுவின் முடிவு ஐயத்துக்கு இடமில்லாமல் இருந்தது. ஓர் ஆப்பக்காரிக்கு நாடு நிறையும் தகுதி இருக்க வழியில்லை; ஆகவே அந்தத் தகுதி கிணற்றுடையது. கிணற்றைச் சுற்றி மூங்கில் வேலி எழுந்தது. எட்டுக் காவலர்கள் நின்றார்கள். 'தேசியத் தோற்றக் கிணறு' என்று பலகை வைத்தார்கள். பலகையில் மேலும் இரண்டு விஷயங்கள் எழுதியிருந்தன. பெருங்காவலர் இந்தக் கிணற்றின் வழியே என்றைக்கு நாடு நிறைகிறாரோ அன்றைக்குக் கிணறு தெருவுக்குத் திரும்பக் கிடைக்கும். அதற்கு முன் யாராவது ஒரு வாளி எடுத்தாலும் தெரு கலைக்கப்பட்டு, நாற்பது வீட்டாரும் நாற்பது ஊர்களில் குடியமர்த்தப்படுவார்கள்.

தங்கபுஷ்பத்துக்கு ஒரு பதவியும் கொடுத்தார்கள். தேசியக் கொட்டாவி ஆலோசகர். சம்பளம் கிடையாது, சேலையில் குத்திக்கொள்ள ஒரு பித்தளை வில்லை உண்டு. பெருங்காவலருக்கு அந்தக் கொட்டாவியைச் சொல்லிக் கொடுப்பது அவள் வேலை.

தண்ணீருக்கு இனி ஆற்றுக்குத்தான் போகவேண்டும். போக ஒரு மைல், வர ஒரு மைல். தெருவின் கோபம் முழுவதும் தங்கபுஷ்பத்தின் மேல் திரும்பியது. அடுத்த வீட்டு ராசக்கனி அவளுடைய ஒன்றுவிட்ட அண்ணன் மனைவி. இத்தனை வருடம் ஆப்பத்துக்குத் தேங்காய் துருவிக் கொடுத்து வந்தவள் அவள்தான். இப்போது குடத்தை இடுப்பில் வைத்தபடி வாசலில் நின்று கேட்டாள்.

"வாயப் பொளக்கதுக்கு ஒங்க வீட்டுல எடமில்லயா தங்கபுஷ்பம்? நாப்பது வீட்டுத் தண்ணியிலதான் பொளக்கணுமா?"

"வேணும்னா செஞ்சேன் மைனி? தானா வந்துச்சு."

"தானா வந்ததத் தானாவே அனுப்பிவை. எனக்கு இடுப்பு விட்டுப்போச்சு."

அன்றிலிருந்து ராசக்கனி தேங்காய் துருவவில்லை. தெருவில் யாரும் ஆப்பம் வாங்கவில்லை. தங்கபுஷ்பமும் மாவுக்குத் தண்ணீர் போதாமல் நூறு ஆப்பத்துக்கு மேல் சுடவில்லை. காலையில் இரண்டு நடை, மத்தியானம் ஒரு நடை ஆற்றுக்குப் போய்வந்தாள். நடக்கும்போது நாற்பது ஊர்களின் பெயர்களை நினைத்துப் பார்ப்பாள். ராசக்கனி ஓர் ஊரிலும் தான் ஓர் ஊரிலுமாக இருப்பதை அவளால் கற்பனை செய்ய முடியவில்லை. யாருடன் சண்டை போடுவது?

ஒத்திகைகள் தொடங்கின. தினமும் மத்தியானம் பெருங்காவலர் வருவார். குடை பிடிப்பவர் இருவர், எக்காளம் ஊதுபவர் ஒருவர், விசிறி வீசுபவர் நால்வர். 'இயல்பாக இருப்பதற்கான நெறிமுறைகள்' என்று துறை நாற்பத்திரண்டு பக்கத்தில் ஓர் ஏடு தயாரித்திருந்தது. நடுநாயகம் அதை வாசிக்க வாசிக்க, அழகர்வேள் கிணற்றுக் கைப்பிடிச் சுவரில் கையை ஊன்றி வாயைத் திறப்பார். பல் தெரியலாமா, எத்தனை பல் என்பதெல்லாம் ஏட்டில் இருந்தது.

"இன்னும் சற்று இயல்பாக, பெருங்காவலரே."

"இதைவிட இயல்பாக இருந்தால் பதவிக்கு இழுக்கு வரும், செயலரே."

பதினோரு நாட்கள், பதினோரு கொட்டாவிகள். ஒன்றுகூட வேலியைத் தாண்டவில்லை. ஏழாம் நாளுடையது மட்டும் அடுத்த தெருவின் ஆட்டுத் தொட்டி வரை போனது. ஆடுகள் அன்று தண்ணீர் குடிக்கவில்லை. தங்கபுஷ்பம் தனக்குத் தெரிந்ததையெல்லாம் சொல்லிப் பார்த்தாள். அவளுக்குத் தெரிந்தது மிகக் கொஞ்சம். தான் தனியாக முயன்று பார்த்ததையும், தனக்கே வரவில்லை என்பதையும் அவள் சொல்லவில்லை.

பன்னிரண்டாம் நாள் வெயில் கடுமையாக இருந்தது. எக்காளக்காரர் ஊதி முடித்தார். நடுநாயகம் நிழலில் உட்கார்ந்து இருபத்தாறாம் பக்கத்தைத் தேடிக்கொண்டிருந்தார். தங்கபுஷ்பம் பெருங்காவலரின் முகத்தைக் கிட்டத்தில் பார்த்தாள். சாவடிச் சுவர்களில் வரைந்திருந்த கண்களுக்கும் இந்தக் கண்களுக்கும் சம்பந்தமில்லை. இவை சிவந்து, உள்ளே போய், ஓரத்தில் துடித்துக்கொண்டிருந்தன.

"ஐயா, தப்பா நெனைக்காதீங்க. நீங்க நல்லாத் தூங்கி எத்தன நாளாச்சு?"

அழகர்வேள் நிழலில் இருந்த செயலரை ஒருமுறை பார்த்துக்கொண்டார். பிறகு, சுவர்களில் எழுதப்படாத ஒரு குரலில் சொன்னார்.

"ஒம்பது வருசம் இருக்கும்மா. வெளிய சொல்லிராத."

அவளுக்கு அவர்மேல் கோபப்படவேண்டும் என்று நினைவிருந்தது. ஆனால் அன்று அவள் ஆற்றுக்கு மூன்று நடை போயிருந்தாள். உடம்பு வேறெதையோ கேட்டது. வாயைப் பொத்திக்கொள்ளக் கையைத் தூக்கினாள். கை பாதி வழியிலேயே நின்றுவிட்டது. தொடங்கி, நின்று, யோசித்து, தோள் வரை போன கொட்டாவி அது.

அழகர்வேள் அதை ஒரு முழத் தூரத்தில் பார்த்தார். கலக்குவதற்கு நடுவில் கரண்டி எதுவும் இல்லை. அவருடைய தாடை தானாக இறங்கியது. கண்ணில் நீர் வந்தது. முடிந்ததும் அவர் கைகளைச் சுவரின்மேல் மடித்து, கன்னத்தை அதன்மேல் வைத்து, எந்த நெறிமுறையும் இல்லாமல் தூங்கிப்போனார்.

விசிறிக்காரர்கள் பார்த்தார்கள், விட்டார்கள், உட்கார்ந்தார்கள். எட்டுக் காவலர்களும் வேலியில் சாய்ந்தார்கள். நடுநாயகம் பதறி எழுந்தார். பெருங்காவலரை எழுப்பும் முறையை ஏட்டில் தேடினார். பெருங்காவலர் தூங்குவதில்லை என்று முதல் பக்கத்திலேயே இருந்ததால் எழுப்பும் முறை எந்தப் பக்கத்திலும் இல்லை. தேடிக்கொண்டே ஒரு கொட்டாவி விட்டார். இன்னொன்று. மூன்றாவதோடு அவரும் ஏட்டின்மேல் சாய்ந்தார்.

பாக்குத் தோப்புத் தெருவில் அரசாங்கம் முழுவதும் உறங்கியது. பாக்கு மரங்களின் நிழல் அதன்மேல் கோடு கோடாக விழுந்தது. எக்காளத்துக்குள் ஒரு குளவி போய்வந்தது.

வேலிக்கு வெளியே ராசக்கனியின் தலை தெரிந்தது.

"எல்லாருமா?" என்று கேட்டாள்.

"மெதுவாப் பேசுங்க மைனி."

ராசக்கனி கிணற்றைப் பார்த்தாள். பலகையைப் பார்த்தாள். பிறகு தங்கபுஷ்பத்தைப் பார்த்தாள். வெயிலில் ராசக்கனியின் முகம் வெந்திருந்தது. "ஒரே ஒரு கொடம்," என்றாள். பன்னிரண்டு நாளில் அவள் கோபமில்லாமல் பேசிய முதல் வார்த்தை அது.

தங்கபுஷ்பம் யோசித்தாள். கப்பி ஒருமுறை கிறீச்சிட்டால் போதும், நாற்பது ஊர். ஆனால் ராசக்கனி இடுப்பைப் பிடித்துக்கொண்டு நின்றாள். தங்கபுஷ்பம் வீட்டுக்குப் போய் ஆப்பச்சட்டிக்குத் தடவும் நல்லெண்ணெய்க் கிண்ணத்தை எடுத்துவந்து கப்பியில் ஊற்றினாள். விரலால் சுற்றிப் பார்த்தாள். சத்தமில்லை. பெருங்காவலரின் முழங்கை கயிற்றுக்கு வழிவிடாமல் இருந்தது. ராசக்கனி அதை, தூங்கும் பிள்ளையின் கையை நகர்த்துவது போல, இரண்டு கையாலும் தூக்கி ஒரு சாண் தள்ளி வைத்தாள். வாளி இறங்கியது.

அதற்குப் பிறகு தெருவே வந்தது. செருப்பைக் கழற்றிவிட்டு, கொலுசை முந்தானையில் முடிந்துகொண்டு வந்தார்கள். வரிசையில் யாரும் யாரையும் இடிக்கவில்லை. அந்தத் தெருவின் சரித்திரத்தில் அப்படி நடந்ததில்லை. சிந்திய தண்ணீர் செயலரின் காலில் படாமல் ஒருவர் தன் துண்டால் அணை கட்டினார். நாற்பது வீடும் நிறைந்த பிறகு ராசக்கனி பெருங்காவலரின் முழங்கையைப் பழைய இடத்துக்கே கொண்டுவந்து வைத்தாள்.

வெயில் தாழ்ந்தபோது அழகர்வேள் விழித்தார். சற்று நேரம் பாக்கு மரங்களைப் பார்த்தார். இங்கே நல்ல காற்று என்று சொல்லிவிட்டுப் புறப்பட்டுப் போனார்.

அவர்கள் போனபிறகுதான் தெருவுக்கு அந்த எண்ணம் வந்தது. கிணறு எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறது. முழங்கையை நகர்த்தியதை, கப்பிக்கு எண்ணெய் இட்டதை, நாற்பது முகங்களை. அது நாளைக்கு நாடு நிறைந்தால்?

விடியும்போது எல்லாரும் தங்கபுஷ்பம் வீட்டு அண்டாவைச் சுற்றிக் கூடினார்கள். அரண்மனைக் குடங்கள் பார்ப்பாரின்றிக் கிடந்தன. அண்டாவின் இருட்டு மெல்ல வெளுத்தது. நீர் லேசாக நடுங்கியது. ஏதோ அசைந்தது. ராசக்கனி தங்கபுஷ்பத்தின் கையை வலிக்கும்படி பிடித்துக்கொண்டாள்.

அது ஒரு கோழி. எங்கோ வடக்கே ஒரு குளத்தின் படிக்கட்டில் ஒரு பழுப்புக் கோழி இறங்கியது. கடைசிப் படியில் நின்று தண்ணீரைப் பார்த்தது. எதையோ வீட்டில் மறந்துவிட்டு வந்ததைப் போலத் திரும்பி மேலே ஏறிப் போனது. அவ்வளவுதான். நாடு முழுவதும் அன்று கோழியைப் பார்த்துக்கொண்டிருந்தது. பாக்குத் தோப்புத் தெருவைப்போல வேறெங்கும் யாரும் அதைப் பார்த்து அவ்வளவு நேரம் சிரித்திருக்க முடியாது. சிலர் அழவும் செய்தார்கள். ராசக்கனி உள்ளே போய்த் தேங்காய்த் துருவியை எடுத்துக்கொண்டு வந்து உட்கார்ந்தாள்.

பெருங்காவலரின் உண்மையான கொட்டாவி அரண்மனையின் பூஜைச் சொம்பில்கூடத் தெரியவில்லை. ஆனால் அதைப் பற்றி அவர் வருத்தப்பட்டதாகத் தெரியவில்லை. ஒத்திகையைத் தொடரவேண்டும் என்றார். இரண்டு நாழிகை போதாது, மத்தியானம் முழுவதும் வேண்டும் என்றார். 'இயல்புப் பயிற்சி' என்று அதற்குப் பெயர் வைத்தார்கள். தங்கபுஷ்பம் தினமும் வில்லையைக் குத்திக்கொண்டு போய் நிற்பாள். சில நாள் கொட்டாவி தானாக வரும். வராத நாளில் ஆப்பம் சுட்ட களைப்பை நினைத்துக்கொள்வாள். எப்படியும் அரசாங்கம் தூங்கிவிடும். தெரு கொலுசை முடிந்துகொண்டு வந்து தண்ணீர் எடுத்துக்கொள்ளும். ஒரு வாரத்தில் தெருவே பாய் கொண்டுவந்து விரிக்கத் தொடங்கியது. காவலர்களில் வயதானவருக்குத் தலையணையும் கிடைத்தது. இரண்டாம் வாரம் அமைச்சர்களும் பயிற்சிக்கு வந்தார்கள். நிதியமைச்சர் குறட்டை விடுவார் என்பதால் அவருக்குக் கோடியில் இடம் ஒதுக்கினார்கள். ஒவ்வொரு நாளும் கிணறு எல்லாவற்றையும் பார்த்தது. மறுநாள் காலையில் வேறு எதையோ காட்டியது. ஒருநாள் ஒருவர் வெங்காயம் உரித்தார். ஒருநாள் இரண்டு கழுதைகள் ஒன்றையொன்று தெரியாததுபோல நடந்துகொண்டன. பல நாட்கள் வெறும் தண்ணீர்.

மத்தியானம் நன்றாகத் தூங்கியவர்களுக்கு இரவிலும் தூக்கம் வந்தது. அதனால் ஆணைகள் குறைந்தன. வாரத்துக்குப் பதினைந்து என்பது ஐந்தாகி, இரண்டாகி, ஒரு வாரம் ஒன்றுமே வரவில்லை. ஒன்பது முறை பார்த்தார்களா என்று சோதிக்க வேண்டிய அதிகாரி பாயில் இருந்ததால் மக்கள் விடிந்ததும் உலை வைத்தார்கள். சீட்டு கேட்க ஆள் இல்லாததால் கண்ணைத் திறந்துகொண்டு தண்ணீர் இறைத்தார்கள். விழுந்த வாளிகளை மேலே எடுத்தார்கள். வரியைக் கூட்டவேண்டிய நாளும் நிதியமைச்சரின் குறட்டையில் கடந்துபோனது. ஏன் என்று தெரியாமலே நாடு நிம்மதியாக இருந்தது.

ஏகலிங்கம் வாத்தியார் அந்த மாதங்களில் முப்பது ஊர்களின் முப்பது குளங்களில் தலைப்பாகையை அவிழவிட்டார். தண்ணீர் ஒன்றையும் எடுத்துக்கொள்ளவில்லை. கடைசியில் அவருக்குச் சளி பிடித்தது.

தேர்தலில் அழகர்வேள் அதுவரை யாரும் காணாத வித்தியாசத்தில் வென்றார். பாக்குத் தோப்புத் தெருவும் ஒரு வீடு தப்பாமல் அவருக்கே வாக்களித்தது. தெரிந்த மனிதர், தூங்கும்போது முகம் நன்றாக இருக்கும் என்றாள் ராசக்கனி.

வெற்றிக் கூட்டம் மறுநாள் முற்பகலில் கோட்டை மைதானத்தில் நடந்தது. நடுநாயகம் அறிக்கை வாசித்தார். பெருங்காவலர் இதுவரை ஒருமுறையும் நாடு நிறையவில்லை என்றாலும், நாடு நிறைவாக இருப்பதற்கு நீர்த்தோற்றத் துறையின் அயராத உழைப்பே காரணம் என்று அதில் இருந்தது. பிறகு அழகர்வேள் எழுந்தார். கண்கள் தெளிந்து, கன்னம் சதை பிடித்து, பத்து வயது குறைந்தவராகத் தெரிந்தார். மக்களின் அன்பு தன்னை நெகிழச் செய்துவிட்டதாகச் சொன்னார். கடந்த நான்கு மாத நல்லாட்சி வெறும் தொடக்கம்தான் என்றார்.

"இவ்வளவு செய்த நான், இன்னும் எவ்வளவு செய்யவேண்டியிருக்கிறது! இனி எனக்குப் பயிற்சி தேவையில்லை. உங்கள்மேல் ஆணையாகச் சொல்கிறேன், வரும் ஐந்து ஆண்டுகளும் இந்தக் கண்கள் ஒரு நொடியும் மூடாது. முதல் ஆணை நாளை காலை வரும்."

மைதானம் கைதட்டியது. கைதட்டுவது அங்கே வழக்கம். பாக்குத் தோப்புத் தெருவும் தட்டியது. தட்டிக்கொண்டே ராசக்கனி தங்கபுஷ்பத்தைப் பார்த்தாள். தங்கபுஷ்பம் மேடையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

கூட்டம் முடிந்து தெருவுக்குத் திரும்பினார்கள். யாரும் வேகமாக நடக்கவில்லை. வழியில் கடலை வாங்கிக் கொறித்தார்கள். வேலி இருந்தது; காவலர்கள் வெற்றி விருந்தில் இருந்தார்கள். நாளைக்கு வருவார்கள், விழித்துக்கொண்டு வருவார்கள். தங்கபுஷ்பம் வில்லையைக் கழற்றி ஆணியில் மாட்டிவிட்டுக் கயிற்றைக் கையில் எடுத்தாள். நாற்பது வீட்டிலிருந்தும் பாத்திரங்கள் வந்தன. குடங்களும் தவலைகளும் நிறைந்தன. கல்யாண அண்டா நிறைந்தது. ஆட்டுக்கல்லின் குழி நிறைந்தது. பேச்சும் சிரிப்புமாக இருந்தது. யாரோ கோழி படியேறியதை நடித்துக் காட்டினார்கள். வெயில் இறங்கும் நேரத்தில் நிரப்புவதற்கு ஒன்றும் மிச்சமில்லை என்று நினைத்தபோது, ராசக்கனி வீட்டுக்குள்ளிருந்து பிள்ளைக்கு மருந்து கொடுக்கும் சங்கைக் கொண்டுவந்தாள். அதைப் பிடித்தபடி, கேட்கலாமா வேண்டாமா என்று நின்றாள்.

தங்கபுஷ்பம் வாளியைச் சரித்தாள்.

"அதையும் நீட்டுங்க மைனி."